ஹேடோ பள்ளிக்கூடத்தின் இரவல் பிள்ளைகள்

அன்று காலை என் மகள் ரீத்தாவுக்கு நான் உடுப்பு மாற்றிக்கொண்டிருந்தேன். பெரிய பள்ளிக்கூடத்தின் நீலப் பாவாடையைக் கழற்றிவிட்டு, முந்தின வருஷம் மாதா திருநாளுக்குத் தைத்த மஞ்சள் கவுனைப் போட்டேன். முதுகில் இரண்டு பொத்தான்கள் பூட்டவில்லை. பிள்ளை வளர்ந்திருந்தாள்.

"இன்னைக்கு ஸ்கூலு இல்லியாப்பா?"

"உண்டு. பழைய ஸ்கூலுக்குப் போறோம். இன்னைக்கு ஒருநா மட்டும்."

"கியோன்?" என்றாள். அப்போது அவளுக்கு எட்டு வயது. சாப்பிட, தூங்க, அழத் தமிழ்தான். காரணம் கேட்கும்போது மட்டும் இந்தி வந்துவிடும்.

அவள் தலையை இரண்டாவது தடவை வாரினேன். தகரக் கூரையிலிருந்து நேற்றைய மழை சொட்டிக்கொண்டிருந்தது. துறைமுக ஜெட்டியில் மெட்ராஸ் கப்பல் சரக்கு இறக்கும் சத்தம். வெளியே எட்டிப் பார்த்தால் லைன் வீடுகளின் வாசல்தோறும் இதே வேலை நடந்துகொண்டிருந்தது. வேலை நாளில் பிள்ளைகள் எல்லாம் திருநாள் துணியில் நின்றார்கள். பவுடர் மணம் வேறு.

எங்கள் தமிழ்ப் பள்ளிக்கூடம் இன்னும் வேண்டுமா, வேண்டாமா என்று பார்க்க அன்றைக்கு ஓர் இன்ஸ்பெக்டர் வருகிறார். பள்ளிக்கூடத்தில் மிச்சம் இருந்தது பதினோரு பிள்ளைகள். பெஞ்சுகளை நிரப்ப, பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்ட பிள்ளைகளை ஒரு நாளைக்கு இரவல் கொடுக்கிறோம். என் வீட்டிலிருந்து ஒன்று.

ஈரமான பெஞ்சு

நான் கூச்சக்காரன் என்பது இந்தத் தொடரைப் படித்து வருகிறவர்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும். கடையில் வெங்காயம் கேட்கக்கூட எனக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாரும் வாங்கிக்கொண்டு போக வேண்டும். அந்தக் கூச்சத்துக்கு ஓர் ஆரம்பம் உண்டு. அதை இதுவரை எழுதவில்லை.

அப்பா துறைமுகத்தில் சரக்கு இறக்கும் கலாசி. தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு கடற்கரையிலிருந்து எங்களைக் கூட்டிவந்தார். ஆறு வயதில் கப்பலை விட்டு இந்தத் தீவில் இறங்கினேன். அடுத்த வாரமே பெரிய பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டார். அப்போது ஹேடோ பக்கத்துப் பிள்ளைகளுக்கு இருந்தது அந்த ஒன்றுதான். எல்லாம் இந்தி.

வாத்தியார் கெட்டவர் இல்லை. என்னைப் பார்த்துச் சிரிப்பார், ஏதோ கேட்பார். நானும் சிரிப்பேன். பேர் கூப்பிடும்போது எந்தச் சத்தம் என் பேர் என்று தெரியாது. பக்கத்துப் பையன் முழங்கையால் இடிப்பான். எழுந்து நிற்பேன், உட்காருவேன். ஆறு மாதம் அந்த அறையில் ஒரு சொல்லும் பேசாமல் இருந்தேன்.

ஒருநாள் நல்ல மழை. எனக்கு வெளியே போக வேண்டியிருந்தது. மற்றப் பையன்கள் கையைத் தூக்கி ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு ஓடுவார்கள். அந்த வாக்கியத்தைத் தினமும் கேட்டிருக்கிறேன். மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன், வந்தது. கையைத் தூக்கினால் போய்விட்டது. இரண்டு கையாலும் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று இருந்தேன்.

பெஞ்சு நனைந்தது. பிறகு தரை. அந்தத் தரை முன்பக்கம் சரிவானது. வாத்தியாரின் செருப்பை நோக்கித் தண்ணீர் மெதுவாகப் போனது. யாராவது சிரித்தார்களா என்று ஞாபகம் இல்லை. கூரைமேல் மழைச் சத்தம் மட்டும் ஞாபகம் இருக்கிறது.

மறுநாளிலிருந்து பள்ளிக்கூடம் போவதாகச் சொல்லிவிட்டு, ஜெட்டிக்குப் பின்னால் மரம் அடுக்கியிருக்கும் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்வேன். மூன்றாம் நாள் அங்கே எனக்கு முன்பே ஒருவன் உட்கார்ந்திருந்தான். ராமநாதபுரத்துக்காரர் மகன், என்னைவிட இரண்டு வயது மூத்தவன். பேர் காசி. நீ எதுக்கு வந்தே என்று இரண்டு பேரும் கேட்டுக்கொள்ளவில்லை.

மிளகாய் வாசனை

அப்பா கண்டுபிடித்துவிட்டார். அடிக்கவில்லை. கப்பலின் அடித்தட்டில் வேலை செய்யும்போது கூட இருந்தவர்களிடம் சொல்லியிருக்கிறார். பார்த்தால் எல்லார் வீட்டிலும் இப்படி ஒன்று இருந்தது. சில பிள்ளைகள் வயிற்றுவலி என்றன, சில காய்ச்சல் என்றன.

சரக்கு உருளாமல் இருக்கக் கப்பலின் அடியில் பலகை போட்டிருப்பார்கள். சரக்கு இறங்கியபின் உடைந்த பலகைகளை ஒதுக்குவார்கள். அவற்றைக் கேட்டு வாங்கி, கப்பல் வராத நாட்களில் அந்தக் கூட்டம் ஓர் அறையைக் கட்டியது. சுவர் பாதி உயரம்தான், அதற்குமேல் காற்று. ஒவ்வொரு கலாசி கேங்கும் ஒரு பெஞ்சு செய்துகொடுக்க வேண்டும் என்று பேச்சு. எந்தப் பலகை எந்தச் சரக்குக்கு அடியில் கிடந்ததோ அந்த மணம் பெஞ்சில் இருந்தது. வெங்காய பெஞ்சு, சிமெண்டு பெஞ்சு, பூண்டு பெஞ்சு. நானும் காசியும் மிளகாய் பெஞ்சு. வெயில் ஏற ஏறத் தும்மல் வரும்.

துறைமுகத்தில் குமாஸ்தாவாக வந்தவரின் மனைவி சாரதா டீச்சர். கல்யாணமாகி வந்த புதிது. படித்தவர் என்று கேள்விப்பட்டு அப்பாக்கள் போய் வாசலில் நின்றார்கள். அவர் வந்தார். அரசாங்கம் ஏற்றுக்கொண்டது பிறகுதான்.

முதல் நாள் அவர் எழுத்து எதுவும் சொல்லித் தரவில்லை. பேர் கூப்பிட்டால் "உள்ளேன் ஐயா" என்று சொல்ல வேண்டும் என்றார். "நீங்க டீச்சராச்சே, ஐயா எப்படி?" என்று காசி கேட்டான். "தமிழ்நாடு பூரா இப்படித்தான் சொல்றாங்க, நீயும் சொல்லு. நான் ஐயாவா அம்மாவாங்கிறத அப்புறம் பாத்துக்கலாம்."

என் பேர் வந்தது. சவரிமுத்து. நன்றாகக் கேட்டது. உள்ளேன் ஐயா என்றேன். பள்ளிக்கூடம் என்ற இடத்தில் என் வாயிலிருந்து வந்த முதல் சத்தம் அது. எவ்வளவு பெரிதாக வந்ததென்றால், டீச்சர் புத்தகத்திலிருந்து நிமிர்ந்து பார்த்தார். அன்றைக்கு எங்களுக்காக இன்னும் இரண்டு தடவை பேர் கூப்பிட்டார்.

ஒன்றையும் மறைக்கக் கூடாது. அந்தப் பள்ளிக்கூடம் ஐந்தாவதோடு முடிந்துவிடும். ஆறாவதுக்கு மறுபடி பெரிய பள்ளிக்கூடம். நான் ஒரு வாரம் போனேன். அதே சரிவுத் தரை. திரும்பி வந்து, வயது வந்ததும் அப்பாவைப் போலக் கலாசியானேன். காசி அண்ணன் விடவில்லை. கால்பந்து விளையாடும் இடத்தில் வசவிலிருந்து ஆரம்பித்து இந்தி படித்தார். இன்றைக்கு ரோடு கான்ட்ராக்டில் சூப்பர்வைசர். புரோத்ராபூரில் தோட்டமும் வீடும். எனக்கு வாய் கொடுத்ததும் அந்தப் பள்ளிக்கூடம்தான், ஐந்தாவதோடு என்னை நிறுத்தியதும் அதுதான். இதில் எதை முதலில் சொல்வது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

ரீத்தாவை மூன்றாவதில் அங்கிருந்து எடுத்துப் பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது சாரதா டீச்சரிடம் போய்ச் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று மூன்று தடவை அந்தப் பாதிச் சுவர்வரை போனேன்.

முழங்கால் முட்டிய கூட்டம்

கடிதம் வந்தது மழைக்காலத்தில். பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள், பள்ளிக்கூடத்தைப் பெரியதோடு சேர்த்துவிடலாமா என்று யோசனை, இன்ஸ்பெக்டர் நேரில் வந்து தலையெண்ணி எழுதுவார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சாப்பிட்டபின் எல்லாரும் அந்த அறையிலேயே கூடினோம். மாதா கோவிலுக்குப் போகிறவர்களும் வந்தார்கள், சாமி கோயிலுக்குப் போகிறவர்களும் வந்தார்கள். பிள்ளைகள் பெஞ்சில் பெரியவர்கள் உட்கார்ந்ததால் எல்லாருக்கும் முழங்கால் நெஞ்சில் முட்டியது.

காசி அண்ணன்தான் முதலில் எழுந்தார். மூடிவிடலாம் என்றார். அவர் அதைச் சும்மா சொல்லவில்லை, யோசித்துச் சொன்னார். அன்றைக்கு நமக்கு இடம் இல்லை, கட்டினோம். இன்றைக்கு அங்கே பெங்காலிப் பிள்ளை, தெலுங்குப் பிள்ளை, மலையாளப் பிள்ளை எல்லாம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படிக்கிறது. என் மகனின் கூட்டாளி பெங்காலி, இரண்டும் ஒரே தட்டில் மீன் தின்கிறது. ஆபீசில் எல்லாம் இந்தியும் இங்கிலீசும். அங்கே சயின்சுக்குத் தனி ரூம் இருக்கிறது, இங்கே ஒரு போர்டு. இப்படிப் போனது அவர் பேச்சு. கடைசியில் குரலை இறக்கிச் சொன்னார்:

"மெட்ராஸ்வாலான்னு அப்ப ஒதுக்குனாங்க, ஒதுங்குனோம். இப்ப யாரு ஒதுக்குறா? நம்மளே நமக்கு ஒரு மூலையக் கட்டி வச்சு, அதுல நம்ம புள்ளைகள ஒக்கார வைக்கிறோம். போதும்ப்பா."

நிறையத் தலைகள் ஆடின. என் தலையும் ஆடியிருக்கும்.

புஷ்பம் அக்கா கடைசிப் பெஞ்சில் இருந்தார். லம்பா லைன் வரைக்கும் கூடை சுமந்து மீன் விற்பவர். பள்ளிக்கூடமே போகாதவர். எழுந்திருக்காமல் பேசினார்.

"காசி, ஒம் மவன் நல்லாப் படிக்கான். ஏன்? ஒனக்கு இந்தி தெரியும், ராத்திரி ஒக்காந்து சொல்லிக் குடுக்க. போன வாரம் கப்பல்ல எறங்குனவன் வீட்ல யாருலே சொல்லிக் குடுப்பா?"

"கதவு எல்லாருக்கும் தெறந்துதானக்கா கெடக்கு."

"தெறந்துதான் கெடக்கு. உள்ள போயி வாயத் தெறக்கணும்லா."

"அதுக்காக பதினோரு புள்ளைக்கு அஞ்சு கிளாஸா?"

"நீ ஒம்பேர எழுதப் படிச்சது எங்கலே? இந்தா, இந்த மொளகாப் பெஞ்சுலதான். தும்மித் தும்மி எழுதுன. இப்ப சூப்பர்வைசர் சாப் ஆனதும் மூக்கு அடைச்சிருச்சு."

கூட்டம் சிரித்தது, காசி அண்ணனும் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"ஏலே சவரி, நீ சொல்லு. நீயும் இதுல படிச்சவந்தான?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். போர்டு பக்கத்தில் நின்ற சாரதா டீச்சரும் பார்த்தார். அவருக்குத் தலை நரைத்திருந்ததை அன்றைக்குத்தான் கவனித்தேன். இரண்டு பேர் சொல்வதும் சரி என்று சொல்ல நினைத்தேன். ரீத்தாவைப் பற்றிச் சொல்ல நினைத்தேன். நனைந்த பெஞ்சைப் பற்றியும்.

"மழை வரும்போல இருக்கு" என்றேன்.

அந்தச் சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. ஒரு முடிவும் ஆகவில்லை. பிள்ளைகளை ஒருநாள் கொண்டுவந்து உட்கார வைப்போம் என்பது புஷ்பம் அக்காவின் யோசனை. போனவர்கள் பேர் எதையும் பதிவேட்டில் தான் அடிக்கவில்லை என்று டீச்சர் சொன்னார். ஒருவேளை திரும்பி வருவார்கள் என்று தினமும் கூப்பிட்டு, தினமும் வரவில்லை என்று போட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். இது மோசடி, நான் வரமாட்டேன் என்று காசி அண்ணன் துண்டை உதறிக்கொண்டு போனார்.

இன்ஸ்பெக்டர் பேர் கூப்பிட்டார்

நானும் ரீத்தாவும் போனபோது முதல் ஆளாக நின்றவர் காசி அண்ணன். கையைப் பிடித்தபடி அவர் மகன், இரண்டு பேர் நெற்றியிலும் திருநீறு, தலை வழிய எண்ணெய்.

"என்னண்ணே?" என்றேன்.

"வாதம் வேற தம்பி. அன்னியன் வந்து பாக்குறப்ப நம்ம அப்பங்க போட்ட பெஞ்சு காலியாக் கெடக்கக் கூடாது."

பாதிச் சுவருக்கு வெளியே நாங்கள் வரிசையாக நின்றோம். பெஞ்செல்லாம் நிறைந்திருந்தது. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அந்த அறையில் இடிபட்டு உட்கார்ந்திருந்தார்கள். எங்களுக்கே மனது நிறைந்துபோனது.

இன்ஸ்பெக்டர் மலையாளி. ஒல்லியான மனிதர், நனைந்த குடை. பதிவேட்டைத் தன் கையில் வாங்கிக்கொண்டார். தமிழ் எழுத்துக் கூட்டி வாசிப்பார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. முதல் பேர் பழைய பிள்ளை: உள்ளேன் ஐயா. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது ரீத்தா.

அவள் துள்ளி எழுந்தாள். நெஞ்சை நிமிர்த்தி, மணி அடித்த மாதிரி சொன்னாள்:

"ஹாஜிர் ஜி!"

பெரிய பள்ளிக்கூடத்தில் ஒரு வருஷமாகத் தினமும் சொல்லிப் பழகியது. பேர் கூப்பிட்டால் அதுதான் வரும். உடுப்பை மாற்றினோம், தலை வாரினோம், எங்கே உட்கார வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தோம். இதைச் சொல்லிக் கொடுக்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை. அடுத்த இரவல் பிள்ளையும் ஹாஜிர் ஜி. காசி அண்ணன் மகனும் ஹாஜிர் ஜி. அண்ணன் நெற்றியில் கையை வைத்துக்கொண்டார், திருநீறு அழிந்தது.

எனக்கு என்ன தோன்றியது என்று உள்ளதை எழுதுகிறேன். முதலில் வெட்கம். அதோடு கூடவே சந்தோஷம். நான் வாய் திறக்க முடியாத மொழியில் என் மகள் பயமில்லாமல் கத்தினாள். காசி அண்ணன் கூட்டத்தில் சொன்னது அத்தனையும் அந்த ஒரு சத்தத்தில் இருந்தது.

இன்ஸ்பெக்டர் முகம் மாறவில்லை. கடைசிப் பேர்வரை வந்தார். "பேச்சியம்மாள்."

மறுபடி கூப்பிட்டார். பூண்டு பெஞ்சின் ஓரத்தில் ஒரு சின்னப் பெண் எழுந்தாள். அதற்கு முந்தின கப்பலில் வந்த குடும்பம். பெரிய பள்ளிக்கூடத்தில் இரண்டு நாள் இருந்துவிட்டு இங்கே வந்திருந்தாள். "உள்ளேன் ஐயா" என்று உதடு அசைந்தது. இன்ஸ்பெக்டர் அவளிடம் இந்தியில் ஏதோ கேட்டார். சாதாரணக் கேள்விதான், எந்த வகுப்பு என்று. அவள் குனிந்து, இரண்டு கையாலும் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

அந்தக் கைகளை எனக்குத் தெரியும்.

எப்படி உள்ளே போனேன் என்று தெரியவில்லை. அவர் முன்னால் நின்றுகொண்டிருந்தேன்.

"ஐயா, அந்தப் புள்ளகிட்ட தமிழ்ல கேளுங்க."

"நிங்கள் ஆரு?"

"மொதல்ல ஹாஜிர் ஜின்னு சொன்னாள்லா, அவ அப்பன். அவ இங்க படிக்கல ஐயா. பெரிய ஸ்கூலு. இங்க பாதிப் புள்ளைக இன்னைக்கு நாங்க இரவலாக் கொண்டாந்தது." எனக்குப் பின்னால் புஷ்பம் அக்கா மூச்சை இழுத்தது கேட்டது. நிறுத்த முடியவில்லை. "இந்தப் புள்ள இரவல் இல்ல ஐயா. இதுக்கு வேற எடம் இல்ல. கப்பல் ஓடுற வரைக்கும் இந்த மாதிரி ஒண்ணு வந்துக்கிட்டுத்தான் இருக்கும். நானும் அப்படி வந்தவன்தான்."

என் வாழ்க்கையில் நான் பேசிய நீளமான பேச்சு அதுதான். முடிந்ததும் டீச்சர் பக்கம் பார்த்து, "ரீத்தாவ எடுத்துட்டேன், சொல்லாம" என்றேன். "தெரியும்ப்பா" என்றார் அவர்.

இன்ஸ்பெக்டர் பதிவேட்டை மூடினார். "முதல் ஹாஜிர் கேட்டப்பவே மனசிலாயி" என்றார். பிறகு பூண்டு பெஞ்சுக்குப் போய்க் குனிந்து, மலையாளமும் தமிழும் கலந்து, காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டார். கஞ்சி என்றாள் பேச்சி. தொட்டுக்கொள்ள? துவையல். அதற்குப் பிறகு அவள் கையை எடுத்துவிட்டாள்.

ஆர்டர் வந்தது

சில வாரம் கழித்து ஆர்டர் வந்தது. மூன்று, நான்கு, ஐந்தாம் வகுப்புகள் பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும். ஒன்றும் இரண்டும் இங்கேயே தமிழில் இருக்கும், கூடவே இந்தியும் சொல்லித்தர வேண்டும். தான் சொன்னதுதான் நடந்தது என்று காசி அண்ணன் சொன்னார். புஷ்பம் அக்காவும் அதையேதான் சொன்னார். மிளகாய் பெஞ்சு உட்படப் பாதிப் பெஞ்சுகள் வெளியே போயின. சாரதா டீச்சர் அன்றைக்கு விடுப்பு எடுத்துக்கொண்டார்.

நான் செய்தது சரியா என்று இப்போதும் சில நாள் யோசிப்பேன். வாயை மூடிக்கொண்டிருந்தால் ஐந்து வகுப்பும் இருந்திருக்குமோ என்று. ரீத்தாவுக்கு இதை எழுதியதும் வாசித்துக் காட்டினேன். அவளாகப் படித்தால் எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள், ஒரு பக்கத்துக்கு அரை மணி ஆகும். அதுவும் நான் கொடுத்த விலைதான்.

அன்றைக்கு இன்ஸ்பெக்டர் போனபின் வீட்டுக்கு நடந்து வரும்போது அவள் கேட்டாள், "எல்லாரும் ஏம்ப்பா என்னப் பாத்தாங்க?" பதிலுக்கு அந்த ஈரப் பெஞ்சு கதையைச் சொன்னேன். அவள் அம்மாவுக்குக்கூட அதுவரை சொன்னதில்லை. சிரிப்பாள் என்று நினைத்தேன். என் விரலைப் பிடித்துக்கொண்டு வந்தாள். மறந்துவிட்டாள் என்றுதான் பிறகு நினைத்தேன்.

அதற்கு மறு வருஷம் பேச்சியம்மாள் இரண்டாவது முடித்தாள். பெரிய பள்ளிக்கூடத்தில் மூன்றாவது. முதல் நாள் காலை ரீத்தாவே போய் அவளை வீட்டிலிருந்து கூட்டிவந்தாள். எனக்கு ஜெட்டியில் வேலை, அதே வழி. இரண்டு நீலப் பாவாடைகளும் முன்னால் போயின. நான் கொஞ்சம் பின்னால். தூறல் விழுந்துகொண்டிருந்தது.

வாத்தியார் பேர், எந்தப் பெஞ்சில் உட்கார வேண்டும், எதையும் ரீத்தா சொல்லவில்லை. முதலில் ஒன்றே ஒன்றைச் சொல்லிக் கொடுத்தாள். வெளியே போகக் கேட்கும் அந்த வாக்கியம். கையைத் தூக்கிக் காட்டி, நிறுத்தி நிறுத்தி.

"ஜி, மே பாஹர் ஜாவூம்?"

பேச்சி கையைத் தூக்கிச் சொன்னாள். சத்தம் போதாது என்றாள் ரீத்தா. மறுபடி சொல்லச் சொன்னாள். பள்ளிக்கூட வாசல் வரும்வரை விடவில்லை.